சுவரைத் தொடுவதற்கு முன்: அமெரிக்கச் சிறுநகரக் கடைத்தெருக்களில் கட்டடம் வாங்கும் தமிழ் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகப் பெருமக்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிறுநகரங்களின் பழைய கடைத்தெருக்களில் நூறு ஆண்டுகளைக் கடந்த செங்கல் கட்டடம் ஒன்றை உணவகத்துக்கோ மளிகைக் கடைக்கோ அலுவலகத்துக்கோ வாங்கியிருப்பவர்களுக்கும், நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்திருப்பவர்களுக்கும், இனி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். பெருநகரங்களிலும் நெடுஞ்சாலையோரப் புதிய வணிக வளாகங்களிலும் வாடகை கட்டுப்படியாகாதபோது, 'மெயின் ஸ்ட்ரீட்' என்று பொதுப்பெயரால் அழைக்கப்படும் ஒரு பழைய தெருவில் வரிசையாக ஒட்டி நிற்கும் கட்டடங்களில் ஒன்று மலிவாகக் கிடைப்பது நல்ல வாய்ப்புத்தான். பத்திரம் பதிவானதும் முகப்பைப் புதிதாக்க வேண்டும் என்ற எண்ணம்தான் முதலில் வரும். ஒப்பந்தக்காரரும் பெரும்பாலும் மூன்று வேலைகளைச் சொல்வார்: மணலைப் பீய்ச்சிச் செங்கலைச் சுத்தம் செய்வது, செங்கற்களுக்கு இடையே சாந்து உதிர்ந்த இடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடைப்பது, அதற்கும் மேல் தகடோ பூச்சோ போட்டு மூடுவது. இந்த மூன்றையும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். கட்டடப் பழுதுபார்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்த மூன்றாலும் ஒரு தலைமுறைக்குள் கெட்டுப்போன நல்ல சுவர்களைப் பார்த்த வேதனையும் இதற்குக் காரணம்.

ஏன் கூடாது என்பதற்கான விடை அந்தக் கட்டடங்கள் பிறந்த விதத்திலேயே இருப்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இவை அழகு கருதி மட்டும் செங்கலால் கட்டப்பட்டவை அல்ல. தீக்கு அஞ்சிக் கட்டப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் பாதையும் ஆற்றுப் போக்குவரத்தும் உருவாக்கிய ஊர்களில் முதலில் எழுந்த கடைகள் பெரும்பாலும் மரப்பலகைக் கடைகளே. மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும் நிறைந்த அந்தத் தெருக்களில் ஒரு கடையில் பற்றிய தீ அடுத்தடுத்த கடைகளுக்குத் தாவி, ஒரே இரவில் ஊரின் வணிகம் முழுவதையும் சாம்பலாக்கியது பல இடங்களில் நடந்த கதை. இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் 1889ஆம் ஆண்டின் ஒரே கோடையில் மூன்று ஊர்கள் எரிந்தன: ஜூன் 6 அன்று சியாட்டில், ஜூலை 4 அன்று எல்லன்ஸ்பர்க், ஆகஸ்ட் 4 அன்று ஸ்போகேன். மூன்றில் சிறியதான எல்லன்ஸ்பர்க் அப்போது தலைநகராகும் கனவில் இருந்தது. சுதந்திர தினத்தன்று மூண்ட தீ அதன் கடைத்தெருவை அழித்தபோது, வணிகர்கள் அதே இடத்தில் செங்கலால் எழுப்பத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வாஷிங்டன் மாநிலமானது. தலைநகரப் பெருமை ஒலிம்பியாவுக்குப் போனாலும், 1889 என்று நெற்றியில் ஆண்டு பொறித்த கட்டடங்களை எல்லன்ஸ்பர்க்கில் இன்றும் காணலாம். இத்தகைய தீவிபத்துகளுக்குப் பிறகு, கடைத்தெருவின் எல்லைக்குள் இனி மரத்தால் கட்டக் கூடாது என்று நகரமன்றங்கள் விதி வகுத்தன. நீங்கள் வாங்கியிருக்கும் கட்டடம் அப்படியொரு விதியின் பிள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தீயின் அச்சம் கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பிலும் தெரியும். இரு கடைகளுக்கும் பொதுவான பக்கச்சுவர் கூரையோடு நின்றுவிடாமல் அதற்கு மேலும் சில அடி எழுந்து நிற்பது, ஒரு கூரையில் பற்றிய நெருப்பு அடுத்த கூரைக்குத் தாவாமல் இருப்பதற்காக. தளத்தைத் தாங்கும் மர உத்தரங்கள் இந்தப் பக்கச்சுவரிலிருந்து அந்தப் பக்கச்சுவருக்குக் குறுக்காகக் கிடக்கின்றன. கடைகளின் அகலம் பெரும்பாலும் 20 முதல் 25 அடிக்குள் அடங்குவதற்கு, மனைகள் அந்த அளவில் வெட்டி விற்கப்பட்டதோடு இந்த மரங்கள் தாங்கக்கூடிய நீளமும் ஒரு காரணம். அந்த உத்தரங்களின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தைக் கவனித்தால், மேற்பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். தச்சனின் கவனக்குறைவு என்று நினைத்து அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். தீயில் தளம் எரிந்து விழும்போது உத்தரத்தின் நுனி சுவரை நெம்பி வெளியே தள்ளிவிடாமல், தானே நழுவி விழ வேண்டும் என்பதற்காகச் செய்த சீவல் அது. தளம் போனாலும் சுவர் நிற்க வேண்டும், பக்கத்துக் கடைக்காரர் பிழைக்க வேண்டும் என்று பெயர் தெரியாத ஒரு தச்சர் யோசித்த யோசனை ஒவ்வோர் உத்தரத்திலும் இருப்பதை எண்ணும்போது எனக்கு அந்தத் தொழிலாளர்கள் மீது பெரும் மதிப்பு உண்டாகிறது.

சுவரும் ஒரே தரமான செங்கலால் ஆனதன்று. தெருவைப் பார்த்த முகத்துக்கு மட்டும், அச்சில் அழுத்திச் செய்த வழவழப்பான செங்கலை, மிக மெல்லிய இடுக்கு விட்டு அடுக்கியிருப்பார்கள். பக்கத்திலும் பின்புறத்திலும் உள்ளூர்க் களிமண்ணில் சூளையிட்ட சாதாரணச் செங்கல். அங்கே ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை செங்கற்களைக் குறுக்காக வைத்து, சுவரின் உள்ளடுக்கையும் வெளியடுக்கையும் பிணைத்திருப்பார்கள். சூளையில் நெருப்பு சரியாகப் படாமல் வெந்த மென்மையான கல்லையும் வீணாக்கவில்லை. மழை படாத உள்ளடுக்கில் வைத்தார்கள். எது வெளியே நிற்க வேண்டும், எது உள்ளே இருக்க வேண்டும் என்ற அந்தப் பகுப்புதான் நூறு ஆண்டுகளாகச் சுவரைக் காத்துவருகிறது.

தரைத்தளத்தின் கதை வேறு. மேல்தளத்துச் செங்கல் சுவரின் முழு எடையையும் தாங்கிக்கொண்டே கீழே அகலமான கண்ணாடி வைக்க வேண்டுமானால் இரும்பு வேண்டும். வார்ப்பிரும்புத் தூண்கள் வந்ததால்தான் கடைமுகப்பு என்று இன்று நாம் அறியும் வடிவம் பிறந்தது: முழங்கால் உயரத்தில் ஒரு பலகைத் தடுப்பு, அதன் மேல் பெரிய காட்சிக் கண்ணாடி, உள்வாங்கிய வாசல், கண்ணாடிக்கு மேலே வெளிச்சத்துக்காக ஒரு சிறு சன்னல் வரிசை, அதற்கும் மேல் பெயர்ப்பலகைக்கான பட்டை. 1883இல் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகுதான் பெரிய தகடுக் கண்ணாடி அமெரிக்காவிலேயே வெற்றிகரமாகத் தயாராகிப் பரவலாயிற்று. அதுவரை பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. சிற்றூர்க் கடைக்காரர்களுக்கு முகப்பையே பட்டியல் பார்த்து அஞ்சலில் வாங்கும் வசதியும் வந்தது. இந்தியானாவின் எவன்ஸ்வில்லில் இருந்த ஜார்ஜ் எல். மெஸ்கர் நிறுவனமும், செயின்ட் லூயிஸில் இருந்த மெஸ்கர் பிரதர்ஸ் நிறுவனமும் வார்ப்பிரும்புத் தூண்களையும், கல் வேலைப்பாடு போலத் தோன்றும்படி அச்சிட்ட துத்தநாகம் பூசிய தகடுகளையும் நாடு முழுவதும் இரயிலில் அனுப்பின. உங்கள் கடைத் தூணின் அடியில் பல பூச்சுகளுக்குக் கீழே ஒரு சிறு பெயர்த்தகடு இருந்தால் தயவுசெய்து சுரண்டாமல் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். மெஸ்கரின் பெயரோ உள்ளூர் வார்ப்பாலையின் பெயரோ அதில் இருக்கக்கூடும்.

மேலே சொன்ன சிறு சன்னல் வரிசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெயர்ப்பலகைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் முதல் பொருள் பெரும்பாலும் அதுதான். 20 அடி அகலமும் அதைப்போல் நான்கைந்து மடங்கு ஆழமும் உள்ள கடையில், பக்கச்சுவரில் சன்னல் வைக்க வழியில்லாதபோது, பின்பகுதி பகலிலேயே இருண்டு கிடக்கும். 1890களின் பிற்பகுதியில் சிகாகோவின் லக்ஸ்ஃபர் நிறுவனம், உட்புறம் வரி வரியாகப் பட்டகம் வெட்டிய சிறு கண்ணாடிச் சதுரங்களைத் தயாரித்தது. வானத்து வெளிச்சத்தை அவை மடக்கிக் கடையின் ஆழத்துக்கு அனுப்பின. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் அவற்றுக்கு வடிவங்கள் வரைந்து கொடுத்தார். மின்விளக்கு மலிவானதும் அவற்றின் தேவை போயிற்று. பலகை அடித்து மூடிவிட்டார்கள். சில இடங்களில் அந்தச் சதுரங்கள் இளஊதா நிறமாக மாறியிருக்கும். கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்கச் சேர்த்த மாங்கனீசு பல ஆண்டு வெயிலில் அப்படி நிறம் மாறுகிறது. அதைக் குறை என்று எண்ணி எடுத்தெறிந்தவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் மனம் நோகிறது.

இனி, நான் குறிப்பாக வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். முகப்பைப் புதிதாக்கும் ஆசை உங்களோடு தொடங்கியதன்று. இந்தத் தெருக்களில் அது குறைந்தது இரண்டு முறை அலையாக வந்து போயிருக்கிறது. முதல் அலை 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வந்தது. 1934இன் தேசிய வீட்டுவசதிச் சட்டம் கட்டடங்களைப் புதுப்பிக்கும் கடனுக்கு அரசுக் காப்புறுதி தந்தது. 1935இல் லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு கண்ணாடி நிறுவனம் 'மெயின் ஸ்ட்ரீட்டை நவீனமாக்குங்கள்' என்று கட்டடக் கலைஞர்களுக்கு ஒரு போட்டியே நடத்தியது. விட்ரோலைட், கராரா என்ற பெயர்களில் வந்த பளபளப்பான நிறக் கண்ணாடிப் பலகைகள் பழைய வார்ப்பிரும்பு முகப்புகளை மூடின. இவற்றில் நன்றாகச் செய்யப்பட்டவை இன்று தம்மளவிலேயே வரலாறு ஆகிவிட்டன. கட்டடம் எழுந்த பின் நேர்ந்த மாற்றங்களும் காலப்போக்கில் மதிப்புப் பெற்றிருந்தால் அவற்றையும் காக்க வேண்டும் என்பதே அமெரிக்க உள்துறையின் மறுசீரமைப்பு நெறிமுறைகளில் உள்ள நிலைப்பாடு. ஆகவே 1880க்குத் திரும்ப வேண்டும் என்ற வேகத்தில் 1936இன் கறுப்புக் கண்ணாடியை உடைப்பதும் தவறே. அந்தப் பலகைகளின் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால், உடைந்தால் மாற்றுப் பலகையை வேறொரு பழைய கட்டடத்திலிருந்து கழற்றித்தான் பெற வேண்டியிருக்கும்.

இரண்டாவது அலைக்கு அப்படிப்பட்ட தகுதி பெரும்பாலும் இல்லை என்பது என் கருத்து. மினசோட்டாவின் எடைனாவில் முழுவதும் கூரையிட்டு மூடிய முதல் பேரங்காடியான சவுத்டேல் திறக்கப்பட்டதும், மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைச் சட்டம் நிறைவேறியதும் ஒரே ஆண்டில், 1956இல். வாடிக்கையாளர்கள் காரில் ஏறி ஊருக்கு வெளியே போகத் தொடங்கியபோது, பழைய தெருவின் வணிகர்கள் தங்கள் கடையும் பேரங்காடிபோல் தோன்றினால் அவர்கள் திரும்புவார்கள் என்று நம்பினார்கள். செங்கல் முகப்புக்கு முன்னால் இரும்புச் சட்டம் அடித்து, அலுமினியத் தகடுகளால் மேல்தளத்தின் சன்னல்களையும் சேர்த்து மூடினார்கள். தகடு சமமாக உட்கார வேண்டுமே என்று மேலே துருத்திய அலங்கார விளிம்புகளை வெட்டி எறிந்தார்கள். சட்டத்தைப் பிடிக்கச் செங்கலில் துளையிட்டார்கள். அந்தத் துளைகள் வழியே தண்ணீர் இறங்கியது. தகட்டுக்குப் பின்னால் காற்று புகாத இருட்டில் சுவர் ஈரமாகவே இருந்தது. வாடிக்கையாளர்கள் திரும்பவில்லை. தங்கள் வாழ்நாள் உழைப்பைக் காக்கப் போராடிய அந்த வணிகர்களை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அவர்கள் எடுத்த முடிவின் விளைவு நம் கண்முன் இருக்கும்போது, அதே முடிவை நாமும் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வேறு முடிவு எடுத்த ஊர் ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியில், செமங் ஆற்றங்கரையில் உள்ள கார்னிங்கைத்தான் சொல்கிறேன். 1868இல் புரூக்ளினிலிருந்து ஒரு கண்ணாடி ஆலை அங்கே குடிபெயர்ந்தது. அதுவே பின்னர் உலகறிந்த கார்னிங் நிறுவனமாயிற்று. ஆலையின் செழிப்பில் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்ற அந்த ஊரின் கடைத்தெரு இரு மருங்கும் செங்கல் கட்டடங்களால் நிறைந்தது. 1972 ஜூன் 23 அன்று ஆக்னஸ் புயலின் மழையால் செமங் ஆறு கரையுடைத்து ஊருக்குள் பாய்ந்தது. கடைகளுக்குள் வெள்ளமும் சேறும் புகுந்தன; அங்குள்ள கண்ணாடி அருங்காட்சியகத்தில்கூட நூற்றுக்கணக்கான பொருள்கள் சேதமடைந்தன. பழைய நகர மையங்களை இடித்துத் தரைமட்டமாக்கிப் புதிதாகக் கட்டுவதே முன்னேற்றம் என்று நாடு முழுவதும் கருதப்பட்ட காலம் அது. வெள்ளமே பாதி இடித்துவிட்ட தெருவை மீதியும் இடித்துவிட எல்லாக் காரணங்களும் இருந்தன.

அதற்கு மாறாக, கண்ணாடி நிறுவனத்தின் அறக்கட்டளை தந்த பணத்தில் 1974இல் மார்க்கெட் ஸ்ட்ரீட் மறுசீரமைப்பு முகமை உருவாயிற்று. அதே ஆண்டில் அந்தத் தெரு வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டது. முகமையின் பொறுப்புக்கு வந்த நார்மன் மின்ட்ஸ் என்ற இளம் கட்டட வடிவமைப்பாளர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கடை கடையாகச் சென்று, இந்தத் தகட்டைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும், பெயர்ப்பலகையை எந்த அளவில் எங்கே வைக்கலாம், என்ன நிறம் பூசலாம் என்று ஆலோசனை சொன்னார். பெரிய முதலீட்டில் ஒரே நாளில் தெருவை மாற்றும் திட்டமாக அது இல்லாமல், ஒவ்வொரு கடைக்காரரும் தன் வசதிக்கேற்பச் சிறுசிறு பழுதுகளைப் பார்த்துக்கொள்ள, தெரு படிப்படியாக மீண்டது. 1893இல் கட்டிய பழைய நகரமன்றக் கட்டடம் இன்று ராக்வெல் அருங்காட்சியகமாக நிற்கிறது.

கார்னிங்கின் அனுபவம் அந்த ஊரோடு நின்றுவிடவில்லை. வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை 1977இல் இல்லினாயின் கேல்ஸ்பர்க், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ், இந்தியானாவின் மேடிசன் ஆகிய மூன்று ஊர்களைத் தேர்ந்து ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, கடைத்தெருவுக்கென்றே முழுநேரப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என்ற கருத்து அதன் மையமாக இருந்தது. 1980இல் அதற்கென்று தேசிய மையம் ஏற்பட்டது. இன்று பல மாநிலங்களில் 'மெயின் ஸ்ட்ரீட்' என்ற பெயரில் இயங்கும் உள்ளூர் அமைப்புகள் இந்த வழியில் வந்தவை. உங்கள் ஊரில் அப்படியோர் அமைப்பு இருந்தால், ஒப்பந்தக்காரரைப் பார்ப்பதற்கு முன் அவர்களைப் பாருங்கள். முகப்பு வரைபடம் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ கிடைக்கக்கூடும். முகப்புச் சீரமைப்புக்கென்று மானியமும் சில ஊர்களில் உண்டு.

இனிச் சாந்தைப் பற்றி. இதை நீளமாகவே சொல்கிறேன், ஏனெனில் தகட்டைப் பின்னால் கழற்றிக்கொள்ளலாம். தவறான சாந்தால் உடைந்த செங்கலை மீட்க முடியாது.

போர்ட்லண்ட் சிமென்ட் அமெரிக்காவில் தயாராகத் தொடங்கியது 1871 வாக்கில், பென்சில்வேனியாவின் கோப்ளேயில். அது மலிவாகிப் பரவுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புச் சாந்தில் நிற்கின்றன. சுண்ணாம்புச் சாந்து செங்கலைவிட மென்மையானது. அதுவே அதன் சிறப்பு. வெயிலிலும் குளிரிலும் சுவர் விரிந்து சுருங்கும்போது சாந்து வளைந்து கொடுக்கிறது. சுவருக்குள் புகுந்த ஈரம் சாந்தின் வழியே வெளியேறி உலர்கிறது. தேய வேண்டியது சாந்து, நிலைக்க வேண்டியது கல். காலப்போக்கில் இடுக்குகள் உதிர்வது சுவர் பழுதான அறிகுறி அல்ல. சாந்து தன் வேலையைச் செய்து முடித்ததன் அடையாளம். நம் ஊர்ப் பக்கம் கோயில் மதிலிலும் செட்டிநாட்டு வீட்டிலும் சுண்ணாம்பு அரைத்துக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டிய தேவை குறைவு என்றே நினைக்கிறேன்.

அந்த இடுக்கில் கெட்டிச் சிமென்டை வைத்தால் முறை தலைகீழாகிறது. சிமென்ட் வளையாது, ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. வெளியேற வேண்டிய ஈரம் செங்கலின் வழியே போக முயல்கிறது. அதில் கரைந்த உப்பு செங்கலின் தோலுக்கடியில் படிகிறது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைகிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். நியூயார்க்கிலோ ஒகையோவிலோ மினசோட்டாவிலோ ஒரே பருவத்தில் பலமுறை உறைந்து உருகும். சில ஆண்டுகளில் செங்கலின் முகம் சில்லுசில்லாகப் பெயர்ந்து விழ, நடுவே சிமென்ட் இடுக்கு மட்டும் கூடுபோல் துருத்தி நிற்பதைக் காண்பீர்கள். சிமென்ட் வைத்தும் செங்கல் போய்விட்டதே என்று உரிமையாளர் வருந்துகிறார். சிமென்ட் வைத்ததால்தான் போயிற்று என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

மணல் பீய்ச்சுவதும் இதே வகைக் கேடு. சூளையில் வெந்த செங்கலுக்கு வெளியே ஒரு கெட்டித் தோல் இருக்கிறது. உள்ளே நுண்துளைகள் நிறைந்த மென்மையான பகுதி. மணல் அழுக்கோடு அந்தத் தோலையும் எடுத்துவிடுகிறது. ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும் சுவர், அதன்பின் மழையை உறிஞ்சத் தொடங்குகிறது. பிறகு அதைத் தடுக்க நீர்புகாப் பூச்சு, அந்தப் பூச்சுக்குள் அடைபட்ட ஈரம், மீண்டும் பெயரும் செங்கல் என்று செலவு முடிவில்லாமல் நீள்கிறது. குறைந்த அழுத்தத் தண்ணீரும் நார்த்தூரிகையும் மென்மையான சோப்பும் போதும்; சிறிது அழுக்கு மிஞ்சினால் மிஞ்சட்டும்.

ஒப்பந்தக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை எளியவை. பழைய சாந்தின் மாதிரியை எடுத்துப் பார்த்தாரா, புதிய சாந்து செங்கலைவிடவும் மென்மையாக இருக்குமா, மணலின் நிறமும் பருமனும் பழையதோடு ஒத்துப்போகுமா, இடுக்கை உளியால் எடுப்பாரா அல்லது சுழலும் இயந்திரத்தால் அறுப்பாரா? முகப்புச் செங்கலின் மெல்லிய இடுக்குகளில் இயந்திரம் ஓடினால் கல்லின் விளிம்பு போய்விடும். சுவரின் கண்ணில் படாத மூலையில் ஒரு சிறு பரப்பில் முதலில் செய்து காட்டச் சொல்லி, அது உலர்ந்த பிறகு பார்த்து முடிவெடுங்கள். முறையாகச் செய்த வேலை 50 ஆண்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். நிலநடுக்கம் வரும் மேற்குக் கரை மாநிலங்களில் மட்டும் கூடுதலாக ஒன்று: சுவரையும் தளத்தையும் இரும்பால் பிணைக்கும் வேலையையும், மேலே தனியாக நிற்கும் கைப்பிடிச் சுவரைத் தாங்க வைக்கும் வேலையையும் வேறெதற்கும் முன்னால் செய்யுங்கள், அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், வணிகர்களுக்கு எழுதும் மடலில் அதைத் தவிர்ப்பது நேர்மையாகாது. 1976க்கு முன் அமெரிக்க வரிச் சட்டம் இடித்துக் கட்டுபவருக்கே சாதகமாக இருந்தது. அந்த ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் முதன்முறையாகப் பழைய கட்டடத்தைச் சீரமைப்பவருக்குச் சலுகை தந்தது. 1981இல் செலவில் 25 சதவீதம் வரியிலேயே கழிக்கப்பட்டது. 1986இல் அது 20 சதவீதமாகி இன்றுவரை தொடர்கிறது. 2017இன் சட்டத்துக்குப் பிறகு அதை ஐந்து ஆண்டுகளில் பிரித்துப் பெற வேண்டும். கட்டடம் தேசியப் பதிவேட்டில் தனியாகவோ, பதிவான ஒரு தெருவின் பகுதியாகவோ இருக்க வேண்டும். வருமானம் தரும் கட்டடமாக இருக்க வேண்டும். பொதுவாக 24 மாதங்களுக்குள் செய்யும் செலவு, நிலத்தின் விலையை நீக்கிய கட்டடத்தின் கணக்குமதிப்பையோ 5,000 டாலரையோ, இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்ட வேண்டும். மலிவாக வாங்கிய கட்டடத்துக்கு இந்த வரம்பைத் தாண்டுவது கடினமன்று. வேலை மேலே சொன்ன உள்துறையின் நெறிமுறைப்படி இருக்கிறதா என்று அதன் கீழுள்ள தேசியப் பூங்காத் துறை பார்க்கும் என்பதால், மணல் பீய்ச்சிய கட்டடத்துக்குச் சலுகை மறுக்கப்படலாம். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் கணக்காயரையும் கலந்துகொள்ளுங்கள். பல மாநிலங்கள் தனியாகவும் சலுகை தருகின்றன.

இங்கே ஒரு தவறான அச்சத்தையும் நீக்க விரும்புகிறேன். தேசியப் பதிவேட்டில் இருப்பதனால் மட்டும் உங்கள் சொந்தப் பணத்தில் உங்கள் கட்டடத்தில் நீங்கள் செய்யும் மாற்றத்தை மத்திய அரசு தடுப்பதில்லை. கட்டுப்பாடு விதிப்பது உள்ளூர் நகரமன்றத்தின் சட்டமே; அது ஊருக்கு ஊர் வேறுபடும்.

கட்டடத்தின் கடந்த காலத்தை அறிய அதிகம் அலைய வேண்டியதில்லை. 1867இல் தொடங்கிய சான்பார்ன் நிறுவனம் தீக்காப்புறுதிக்காக ஆயிரக்கணக்கான ஊர்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்து வைத்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள் என்று நிறம் தீட்டி, உள்ளே என்ன தொழில் நடந்தது என்பதையும் குறித்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் நூலகம் அவற்றில் பெரும்பகுதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் தெருவின் வரைபடங்களை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால், மஞ்சள் மறைந்து இளஞ்சிவப்பு பரவுவதையும், ஒரே கடை மருந்துக் கடையாக, தையற்கடையாக, மளிகையாக மாறியதையும், மேல்தளத்தில் பல் மருத்துவரும் வழக்கறிஞரும் சகோதரச் சங்கங்களின் கூடமும் இருந்ததையும் காணலாம்.

அந்தக் கடைகளை நடத்தியவர்களில் பலர் செருமனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். அவரவர் பெயரை அவரவர் முகப்பில் எழுதினார்கள். கண்ணாடிக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் உள்ள பட்டை அதற்காகவே விடப்பட்ட இடம். கட்டடத்தைக் காப்பது என்றால் உங்கள் பெயரை மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதன்று. அந்தப் பட்டையில் தமிழெழுத்தில் பெயர்ப்பலகை வையுங்கள். ஆணியை மட்டும் செங்கலில் அடிக்காமல் சாந்து இடுக்கில் அடியுங்கள். சாந்தில் விழுந்த துளையை அடைத்துக்கொள்ளலாம்.

பக்கச்சுவரில் மங்கிய பழைய விளம்பர ஓவியம் இருந்தால் அதன் மேல் வண்ணம் பூச வேண்டாம். ஜார்ஜியா மாநிலத்தின் கார்ட்டர்ஸ்வில்லில் ஒரு மருந்துக் கடையின் செங்கல் சுவரில் 1894இல் எழுதப்பட்ட கோகோ கோலா விளம்பரம், அந்த நிறுவனத்தின் முதல் சுவர் விளம்பரம் என்று போற்றப்பட்டு, மேலே படிந்த பூச்சுகள் நீக்கப்பட்டு 1989இல் மீட்கப்பட்டது. உங்கள் சுவரில் இருப்பது புகழ்பெற்றதாக இருக்க வேண்டியதில்லை. ஊரில் எப்போதோ மூடிப்போன ஒரு மாவுக்கடையின் பெயராக இருந்தாலும் அது அந்த ஊருக்குரியது. அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயம் இருப்பதால் சுரண்டுவது உடல்நலத்துக்கும் கேடு.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அலுமினியத் தகட்டைக் கழற்றும் வேலை தொடங்கும் நாளில், ஒவ்வொரு பகுதியும் இறங்கும்போது படம் எடுங்கள். பின்னால் தெரியும் சன்னல் வளைவுகளையும், வெட்டப்பட்ட விளிம்பின் அடையாளங்களையும், துளைகளையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களின் ஒரு பிரதியை ஊர் நூலகத்திலோ உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திலோ கொடுங்கள். அங்கே உங்கள் கட்டடத்தின் பழைய நிழற்படம் ஒன்று இருந்தால் அதைக் கேட்டுப் பெற்று, கொத்தனாரிடமும் தச்சரிடமும் காட்டிய பிறகே வேலையை ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பழுதுபார்ப்புத் தொழிலில் இருக்கும் ஒரு தமிழன்